தோன்யா எனெய்தாவின் எஞ்சினில்லாத பஸ்

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "எப்ப கிளம்புவீங்க" என்று வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வீடுகளில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். அரசாங்கங்களுக்குக் கூச்சம் கிடையாது. ஆகவே கோஸ்டாரிகாவிலிருந்து பாலம் தாண்டி பனாமாவுக்குள் காலடி வைக்கும் அயல்நாட்டார் ஒவ்வொருவரும், தாம் பனாமாவை விட்டுப் போகப்போவதற்கான டிக்கெட்டை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. போவேன் என்று நிரூபித்தவர்தான் வரலாம்.

புவெர்த்தோ மான்சோ பாலத்தின் வழியாக வருகிறவர்களோ, முதுகில் ஆளுயர மூட்டையும் காலில் ரப்பர் செருப்புமாகத் திரிகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள். எங்கே போவார்கள், எப்போது போவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவர்களுடைய மதம். தவிரவும், பனாமாவை விட்டு வெளியேறும் நிஜமான பஸ்ஸுக்கு டிக்கெட் விற்கும் அலுவலகம் பனாமாவுக்கு உள்ளே, ஒரு பகல் தூரத்தில் இருந்தது. உள்ளே போக டிக்கெட் வேண்டும். டிக்கெட் வாங்க உள்ளே போக வேண்டும். இந்தச் சின்னச் சிக்கலைச் சட்டம் கவனிக்கவில்லை. தோன்யா எனெய்தா கவனித்தாள்.

பாலம் இறங்குகிற இடத்தில், குடியேற்ற அலுவலகத்துக்குப் பத்தடி முன்னால் அவள் கடை. தோன்யா என்பது ஊர் அவளுக்குக் கொடுத்த மரியாதை, அம்மா என்பதுபோல. வாழைக்காய் வறுவல், கொசு மருந்து, நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட் ஆகியவை அங்கே நியாய விலையில் கிடைக்கும். டிக்கெட் போலி என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஸ் இருந்தது. கடைக்குப் பின்னால், சிமெண்ட் கட்டைகளின் மேல், மஞ்சள் நிறத்தில் நின்றது. அவளும் கணவன் ரிகோபெர்த்தோவும் சேர்ந்து வாங்கிய பஸ். பிரிந்தபோது சொத்தைச் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவன் எஞ்சினை எடுத்துக்கொண்டு போனான். மிச்சம் அவளுக்கு.

பஸ்ஸில் நாற்பத்திரண்டு இருக்கைகள். எனெய்தா மனச்சாட்சி உள்ளவள். ஒரே நாளில் ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்கும் பாவத்தை அவள் செய்ததே இல்லை. நாற்பத்திமூன்றாவது ஆள் வந்தால், "இன்னிக்கு பஸ் ஃபுல்லு தம்பி, நாளைக்கு வா" என்று கையை விரித்துவிடுவாள். அவனும் பாலத்திலேயே மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து, மறுநாள் வந்து, ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். பஸ்ஸில் ஏறுவதற்கு ஒருத்தரும் வந்ததில்லை. கோழிகள் ஏறும். அவளுடைய மகள் தலைநகரில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற பஸ் வைத்திருக்கிற எத்தனையோ பேரால் முடியாததை ஓடாத பஸ் செய்துகொண்டிருந்தது.

ஒரு நாள் வந்தவன் ஜெர்மன்காரன், டோர்ஸ்டன். ஸ்பானிஷ் மொழியைப் போனிலேயே கற்றுக்கொண்டவன்.

"மாண்புமிகு அம்மையாரே," என்றான். "தாங்கள் கூறும் கட்டணம் என் நெஞ்சைப் புண்படுத்துகிறது."

"எவ்வளவு வச்சிருக்க?"

"பாதி. மேலும் இவ்வறுவலில் ஒரு பொட்டலத்தை இனாமாக அருள இயலுமா?"

"தம்பி, உன் கழுத்துல தொங்குற கேமராவ வித்தா என் கடையையே நீ வாங்கிரலாம்."

"இது பணம் பற்றியதன்று, அம்மையாரே. கொள்கை பற்றியது."

அவனுக்குப் பின்னால் நின்ற ஆஸ்திரேலியப் பெண் கீலி சிரித்தாள். இரண்டு பேரும் பாலத்தில்தான் பழக்கம். பார்த்தவுடன் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அவர்கள் கூட்டத்தில் நலம் விசாரிப்பது இப்படித்தான்:

"இந்தச் சட்டை நாலு நாளா போட்டிருக்கேன்."

"நான் வந்த லாரில ஒரு பன்னி என் மடியிலயே படுத்துட்டு வந்துச்சு."

"எனக்கு டெங்கு வந்துச்சு."

"எங்க?"

"நிகராகுவால."

"அங்க எல்லாருக்கும்தான் வருது," என்று கீலி முடித்துவிட்டாள். டோர்ஸ்டன் முகம் தொங்கிப்போயிற்று.

இப்படி எல்லோரும் நன்றாக இருந்த காலத்தில்தான் அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். லிசென்சியாதோ அப்தியேல் பினீல்யா. லிசென்சியாதோ என்றால் பட்டதாரி. இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரையும் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; இவர் உண்மையிலேயே படித்தவர் என்பதுதான் துரதிர்ஷ்டம். தான் முத்திரை குத்துகிற காகிதத்தை வாசித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

வாசித்தார். டிக்கெட்டுகளைக் கூட்டிப் பார்த்தார். கடைக்குப் பின்னால் போய் பஸ்ஸுக்குள் ஏறினார். இருக்கை இருக்கையாகப் பார்த்தார். பதினேழாம் எண்ணில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இறங்கி வந்தார்.

"தோன்யா எனெய்தா, மேற்படி வாகனத்தில் மேற்படி பயணிகள் காணப்படவில்லை."

"ஆமா, லிசென்சியாதோ. எனக்கும் அதுதான் வருத்தம்."

"டிக்கெட் வாங்கியவர்கள் ஏன் ஏறவில்லை?"

"ஏறாதேன்னா சொன்னேன்? மூணு மணிக்கு பஸ்ஸுன்னு போட்டிருக்கு. மூணு மணிக்கு பஸ் நிக்குது. நாலு மணிக்கும் நிக்குது. ஒருத்தன் வரணுமே."

"பஸ் ஓடும் நிலையில் உள்ளதா?"

"ஆளே இல்லாம எதுக்கு ஓடணும்? டீசல் என்ன விலை விக்குது, உங்களுக்குத் தெரியாததா."

லிசென்சியாதோ யோசித்தார். பஸ் ஓடாது என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது போக்குவரத்துத் துறையின் வேலை. பயணிகள் வரவில்லை என்று தீர்மானிக்க மட்டுமே அவருக்கு அதிகாரம் உண்டு.

"ஆக, தவறு பயணிகளுடையது," என்றார்.

"நானும் அதைத்தானே சொல்றேன், சாமி."

வாதத்தில் ஜெயித்துவிட்ட மிதப்பில் எனெய்தா அவருக்கு ஒரு பொட்டலம் வறுவல்கூடக் கொடுத்தாள். அவர் லஞ்சம் வாங்காதவர். காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார். மறுநாள் அலுவலகச் சுவரில் ஆணை ஒட்டப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட டிக்கெட் வைத்திருக்கும் அயல்நாட்டார் அனைவரும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேற்படி பேருந்தில் ஏறி, மேற்படி பேருந்திலேயே நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பயணிகள் வந்தும் பேருந்து எல்லையைத் தாண்டாவிட்டால், தோன்யா எனெய்தாவின் கடை உரிமம் ரத்து.

எனெய்தா ஆணையை இரண்டு முறை படித்தாள். கடை போனால் மகளின் படிப்பு போகும். அப்புறம் அவளிடம் மிஞ்சுவது நாற்பத்திரண்டு இருக்கைகளும் கோழிகளும்தான்.

"அதெல்லாம் வர மாட்டானுங்க," என்று டயர் கடை திபூர்சியோ தைரியம் சொன்னான். ஊருக்குள் டயர் ஒட்டுவதும், தேவாலயத்துக்கும் சாராயக் கடைக்கும் போர்டு எழுதுவதும் அவன்தான். "கடற்கரையில மல்லாந்து கிடக்கிறவன் எவன் உன் ஓட்ட பஸ்ஸத் தேடி வரப்போறான்?"

அவனுக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தெரியவில்லை. இதுவரை யாருமே ஏறாத பஸ் ஒன்று இருக்கிறது, எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அது இல்லை என்ற சேதி, மலிவு விடுதிகளின் அடுக்குக் கட்டில்களில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பரவியது. வியாழக்கிழமையே வந்து குவிந்துவிட்டார்கள். வேறு தேதி டிக்கெட் வைத்திருந்தவர்கள் வெள்ளிக்கிழமை டிக்கெட்காரர்களிடம் கெஞ்சினார்கள். டோர்ஸ்டன் தன் ஜன்னலோரத்தை விட்டுத்தர மறுத்தான். கொள்கை.

எனெய்தா வேறு வழியில்லாமல் திபூர்சியோவிடம் நாலு டயர் இரவல் வாங்கினாள். மூன்று ஒரே அளவு. நாலாவது வாழைத்தோட்டத்து டிராக்டருடையது. பஸ் வலது பக்கம் சாய்ந்து, யாரிடமோ ரகசியம் கேட்பதுபோல் நின்றது.

வெள்ளி மூன்று மணி. லிசென்சியாதோ கடிகாரத்தோடு வந்து நின்றார். எனெய்தா ஓட்டுநர் இருக்கையிலிருந்த சேவலைத் துரத்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"பிள்ளைங்களா," என்றாள். "இந்த பஸ்ஸுல எஞ்சின் கிடையாது."

கடை போயிற்று என்றே நினைத்துவிட்டாள்.

"அப்ப எப்படிப் போகும்?" என்றாள் கீலி.

"தள்ளணும்."

"யாரு?"

"எங்க ஊர்ல," என்று எனெய்தா இழுத்தாள், "ஊர்க்காரங்கதான் தள்ளுவாங்க. வெளியாளுங்கள விடுறதில்ல."

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு பேரும் ஜன்னல் வழியாகவே குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில், உட்காருவதற்கு ஒரு கட்டணம், தள்ளுவதற்கு இரண்டு மடங்கு என்று அவள் அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்போதும் உள்ளே ஒருவனும் உட்காரவில்லை. பின்கண்ணாடிக்கு நேரே கை வைக்கிற இடத்துக்கு அடிதடி. அங்கே நின்றால்தான் படத்தில் முகம் விழும்.

"அம்மையாரே," என்று டோர்ஸ்டன் மூச்சிரைத்துக்கொண்டே கேட்டான், "தள்ளுவோருக்குத் தள்ளுபடி இல்லையா?"

பஸ் நகர்ந்தது. பனாமா நேரம் மூன்று மணிக்குக் கிளம்பி, பத்து நிமிடத்தில் பாலத்தைத் தாண்டி, கோஸ்டாரிகா நேரம் இரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையில் கடிகாரம் எப்போதும் ஒரு மணி பின்னால். பாலத்து ஜனங்களுக்கு இது பழக்கம்.

அந்தப் பக்கத்து அதிகாரி தோன் ஃப்ளோரிபெர்த்தோ மிகவும் மரியாதையானவர். அவர் அளவுக்கு இனிமையாக மறுக்கிற ஆளை இரண்டு நாட்டிலும் பார்க்க முடியாது.

"வாங்க, வாங்க, ரொம்ப சந்தோஷம்," என்றார். "கோஸ்டாரிகாவ விட்டு எப்ப கிளம்புறதா உத்தேசம்?"

யாரிடமும் டிக்கெட் இல்லை. அவருடைய நாட்டிலும் அதே விதிதான்.

"அப்படின்னா ரொம்ப வருத்தம். உள்ள விட முடியாது. வேற எதாவது உதவி வேணும்னா தயங்காம கேளுங்க."

எனெய்தா திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் அந்த முனையில் லிசென்சியாதோ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸின் பின்சக்கரங்கள் இன்னும் பாலத்தின் மேலே. முழுசாக எல்லையைத் தாண்டினால்தான் உரிமம். அவள் இடுப்பிலிருந்து டிக்கெட் கட்டை எடுத்தாள். சான் ஹோசே, அதாவது கோஸ்டாரிகாவின் தலைநகர், என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதினாள்: கோஸ்டாரிகாவிலிருந்து பனாமாவுக்கு, இதே பஸ், இன்றே, கொஞ்ச நேரத்தில்.

தோன் ஃப்ளோரிபெர்த்தோ ஒவ்வொன்றையும் படித்துப் பரவசப்பட்டார். "எவ்வளவு பொறுப்பான ஆளுங்க," என்று சொல்லி எல்லோருக்கும் முத்திரை குத்தினார். பஸ் முழுசாக எல்லையைத் தாண்டியது. உரிமம் பிழைத்தது.

ஆனால் இன்றே திரும்புவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. திரும்பாவிட்டால் சட்டவிரோதம். கோஸ்டாரிகா நேரம் இரண்டரைக்கு எல்லோருக்கும் வெளியேறும் முத்திரை விழுந்தது. பாலத்தில் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பனாமாவில் மணி மூன்று நாற்பது. லிசென்சியாதோ கேட்டார்:

"பனாமாவை விட்டு வெளியேறும் டிக்கெட்?"

எனெய்தா மறுபடி டிக்கெட் கட்டை எடுத்தாள்.

கீலி பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரைகளை எண்ணிப் பார்த்தாள். மூன்று மாதத்தில் கிடைக்காதது ஒரே மத்தியானத்தில் கிடைத்திருந்தது. "எனக்கு இது அறுபத்தோராவது நாடு," என்றாள்.

"பனாமாவைத்தான் ஏற்கனவே கணக்குல சேர்த்துட்டியே," என்றான் டோர்ஸ்டன்.

"ரெண்டாவது தடவை வேற மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பஸ் தினசரி ஓடியது. இறங்கியவர்கள் மறுபடி ஏற வரிசையில் நின்றார்கள். முதுகுமூட்டைக் கூட்டத்தில் யாராவது இனிமேல் மலையேறினேன், காட்டில் தொலைந்தேன் என்று ஆரம்பித்தால், "பாலத்துல தள்ளியிருக்கியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட முடிந்தது.

அதிகாரிகளும் வளர்ந்தார்கள். அவ்வளவு பெரிய நடமாட்டத்தை அந்தப் பாலம் பார்த்ததே இல்லை என்று தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதே கடிதத்தின் அடியில் ஒரு விளக்கம் கேட்டிருந்தார்கள். மேற்படி பேருந்து போகும்போது, கிளம்பிய நேரத்துக்கு ஐம்பது நிமிடம் முன்னதாகவே சென்றடைவது மெச்சத்தக்கது. அதே பேருந்து திரும்பி வரும்போது மட்டும் எழுபது நிமிடம் எடுத்துக்கொள்வது ஏன்? ஓட்டுநரின் மெத்தனத்துக்காக எனெய்தாவுக்கு எச்சரிக்கை வழங்கப்பட்டது. போகும் வேகத்துக்காகப் பதக்கமும் வழங்கப்பட்டது. இரண்டும் ஒரே உறையில் வந்தன.

சிரமப்பட்டவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான். பாலம் ஒற்றை வழி. வெங்காயம் வாங்க அந்தக் கரைக்குப் போகிற ஜனங்கள் பஸ் நகர்கிற வரைக்கும் காத்து நிற்க வேண்டும். காத்து நிற்க முடியாதவர்கள் தாங்களே கை கொடுத்தார்கள். வாழைத்தார் லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் காசு கொடுத்துத் தள்ளினார்கள், ஊர் சும்மா தள்ளியது. எங்க ஊர்ல ஊர்க்காரங்கதான் தள்ளுவாங்க என்று எனெய்தா சொன்ன பொய் கடைசியில் உண்மையாகிவிட்டது.

பிறகு தலைநகரில் யாரோ ஒருவர் முத்திரைகளின் நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்துத் துக்கப்பட்டார். பனாமாவுக்குள் வரும் விருந்தினர் சராசரியாகப் பதினோரு நிமிடங்களில் வெளியேறிவிடுகிறார். பார்ப்பதற்கு நாட்டில் ஒன்றுமே இல்லை என்றல்லவா உலகம் நினைக்கும்? புது ஆணை வந்தது. லிசென்சியாதோ அதைக் கடை முன்னால் நின்று வாசித்தார்.

"இனி, நாட்டைப் பார்த்ததற்கான ஆதாரம் இன்றி ஒருவரும் நாட்டை விட்டு வெளியேற அனுமதிக்கப்படமாட்டார். குறைந்தபட்சம், கடற்கரையில், கடல் தெரியுமாறு, முகம் தெளிவாக விழுந்த புகைப்படம் ஒன்று."

"கடல் இந்தா தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம்தானே கிடக்கு," என்றாள் எனெய்தா. "அஞ்சு நிமிஷ நடை."

போனார்கள். எடுத்தார்கள். மாலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியதால், எல்லாப் படத்திலும் கடல் பளிச்சென்று விழுந்தது, முகம் கறுப்பாக விழுந்தது. லிசென்சியாதோ ஒன்றைக்கூட ஏற்கவில்லை. "கடல் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகம் யாருடையது?"

பஸ் நின்றது. இரண்டு நாள் டிக்கெட் விற்கவில்லை. மூன்றாம் நாள் எனெய்தா திபூர்சியோவிடம் போனாள். அவன் ஒரு பெரிய தார்ப்பாயில் கடல் வரைந்தான். நீல அலை, சாய்ந்த தென்னை, மூலையில் ஒரு திமிங்கலம். சாராயக் கடைப் போர்டில் மிஞ்சிய சிவப்பில் சூரியன். ஆணையில் 'கடற்கரையில்' என்று தெளிவாக இருந்ததால், மணலிலேயே இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டினார்கள். கண் கூசவில்லை. முகங்கள் அழகாக விழுந்தன. லிசென்சியாதோ நேரில் வந்து பார்த்து, விதிக்கு முற்றிலும் உட்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

டோர்ஸ்டன் மட்டும் முதல் நாள் கொஞ்சம் தயங்கினான். "மாண்புமிகு அம்மையாரே, இத்துணியின் பின்னாலிருந்து ஏதோ இரைச்சல் கேட்கிறது."

"அது கடல், தம்பி. படத்துல விழாது. நீ சிரி."

சிரித்தான். ஏழு பேர் அவனுக்குப் பின்னால் அதே இடத்தில் நின்று அதே மாதிரி சிரித்தார்கள். பஸ் மறுபடி நகர்ந்தது.

ஆண்டு முடிந்து கடை உரிமத்தைப் புதுப்பிக்க எனெய்தா அலுவலகத்துக்குப் போனாள். லிசென்சியாதோ அவளுக்கு நாற்காலி போட்டார். இப்போது அவர்களுக்குள் நல்ல மரியாதை.

"எல்லாம் சரியாக உள்ளது, தோன்யா. ஒரேயொரு இணைப்புதான் குறைகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பனை செய்வோரும் நாட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததற்கான உங்கள் ஆதாரம்?"

"நான் இங்கயே பொறந்தவ, லிசென்சியாதோ."

"பிறப்புச் சான்றிதழ், பிறந்ததற்குத்தான் ஆதாரம்."

"தினமும் அந்தக் கடலுக்குப் பக்கத்துலதானே தூங்கி எழுந்திரிக்கிறேன்."

"அப்படியானால் ஒரு படம் எடுப்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பதவி உயர்வுக்கு என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நானும் வருகிறேன்."

எனெய்தாவுக்குச் சண்டை போடத் தோன்றியது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருந்தது. போனாள்.

மணலில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் முதுகுமூட்டைகள். நடுவே, வெங்காயம் வாங்கப் போகிறவர்களிடமும் ஆதாரம் கேட்பார்களாம் என்று யாரோ கிளப்பிவிட்டதால் ஊர்ஜனம். எனெய்தாவுக்கு முன்னால் லிசென்சியாதோ, புது இஸ்திரியில். ஒவ்வொருவராகத் திமிங்கலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

அவள் முறை வந்தபோது காற்று கிளம்பியது. தார்ப்பாயின் கீழ்முனை அவிழ்ந்து, முழுத் துணியும் மேலே எழும்பித் தென்னைமரத்தில் சுற்றிக்கொண்டது. பின்னால் கடல் இருந்தது. மிகப் பக்கத்தில், பச்சையும் வெள்ளியுமாக, பெலிக்கான் பறவைகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்ப, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வரிசை முழுவதும் கண் கூசி முகத்தைச் சுளித்தது. டோர்ஸ்டன் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டான். லிசென்சியாதோ கடிகாரத்தைப் பார்த்தார்.

"யோவ் திபூர்சியோ, துணிய இழுத்துக் கட்டுய்யா, ஒண்ணும் தெரியல," என்று முதலில் சத்தம் போட்டது எனெய்தாதான். அவளுக்கு மூன்று மணிக்கு பஸ் இருந்தது.